பேய்க்கதையை வானொலி நாடகமாக்குதல்: யாழ்ப்பாணத்துக்கான ஒரு முழுமையான வழிகாட்டி

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் கிடைக்காத அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டு வானொலி சைக்கிளில்தான் ஓடியது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயரை வானொலிக்குக் கொடுத்து, அண்ணன் மிதிகட்டையைக் கையால் சுற்றுவார். நாடகம் உச்சத்துக்கு வரும்போது அவரும் கதைக்குள் போய்விடுவார், கை தளரும், குரல்கள் தேய்ந்து அடங்கும். இருட்டில் நாங்கள் ஐந்து பேரும் வானொலிப் பெட்டியை நோக்கிக் குனிவோம். கதவுக்கு அப்பால் நின்றது யார் என்பது எங்களுக்குக் கேட்காது. ஆனால் ஒவ்வொருவரும் அங்கே யாரோ ஒருவரை நிறுத்திக்கொண்டோம்.

வானொலியில் பயத்தைச் செய்பவர் கேட்பவர்தான். எழுதுகிறவரும் நடிக்கிறவரும் கதவைத் தட்டும் ஒலியை மட்டுமே கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் பெரிய பொறுப்பு, ஏனென்றால் இங்கே கேட்பவரிடம் சொந்தமாக நிறைய இரவுகள் இருக்கின்றன. எந்த இரவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் இந்தக் கலையின் ஒரு பகுதிதான்.

எங்கள் ஊர் வாசிகசாலைக் குழுவோடு நான் செய்த நாடகம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மூலம் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902 இல் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’. மூன்று வரம் தரும் உலர்ந்த குரங்குப் பாதம் ஒரு வீட்டுக்கு வருகிறது. தந்தை இருநூறு பவுண் பணம் கேட்கிறார். மகன் வேலைத்தலத்து இயந்திரத்தில் அகப்பட்டுச் சாகிறான். நட்ட ஈடாக அதே இருநூறு பவுண் வருகிறது. மகன் திரும்பி வரவேண்டும் என்பது தாயின் பிடிவாதத்தால் கேட்ட இரண்டாவது வரம். இரவில் கதவு தட்டப்படுகிறது. மூன்றாவது வரத்தைத் தந்தை அவசரமாக மூச்சுக்குள் சொல்கிறார், தட்டல் நிற்கிறது, தாய் கதவைத் திறக்கும்போது வெளியே வெறும் தெரு.

முதற்படி: காதுக்கு உரிய கதை

எல்லா நல்ல பேய்க்கதையும் வானொலிக்கு ஆகாது. ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லிக் கதையை வாசித்துக் காட்டுங்கள். அவர் மூச்சைப் பிடித்த இடம் ஒரு ஒலியா, காட்சியா என்று கேளுங்கள். ஒலி என்றால் எடுத்துக்கொள்ளலாம். எட்கர் அலன் போ 1843 இல் எழுதிய கதையில் தரைப்பலகைக்கு அடியில் இதயம் துடிக்கிறது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1866 இல் எழுதிய ‘சிக்னல்காரன்’ கதை ஒரு கூப்பிடு குரலில் தொடங்கி அதே கூப்பிடு குரலில் முடிகிறது. இவை வானொலிக்கென்றே பிறந்தவை போல இருக்கின்றன. தமிழில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ பெரிய சவால்: அதில் பயம் மணமாக வருகிறது. வானொலிக்கு மூக்கு இல்லை. ஒருவர் பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்து, “என்ன மணம் இது?” என்று கேட்டால்தான் கேட்பவருக்கு மணக்கும்.

உரிமையையும் பாருங்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஜேக்கப்ஸ் 1943 இல் இறந்தார். போவும் டிக்கன்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மறைந்தவர்கள். ஆனால் இவர்களின் கதைகளுக்கு யாரோ செய்த தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அதன் உரிமை மொழிபெயர்த்தவருக்கு. எனவே மூலத்தை நீங்களே வாசித்து நீங்களே எழுதுங்கள். நாடகத்துக்கும் அதுதான் நல்லது.

இரண்டாம் படி: கதையை ஊருக்குக் கொண்டுவருதல்

இங்கேதான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். பெயர்களை மாற்றி, ரொட்டிக்குப் பதில் புட்டு வைத்துவிட்டால் கதை யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடாது. கதையின் எலும்பு எங்கே முறிகிறது என்று பார்க்கவேண்டும்.

‘குரங்கின் பாதம்’ எங்களுக்கு முதற் கூட்டத்திலேயே முறிந்தது. மகன் புதைகுழியிலிருந்து எழுந்து வரவேண்டும். சைவக் குடும்பம் என்றால் உடலை எரித்திருப்பார்கள். சாம்பல் கீரிமலைக் கடலில் கரைந்திருக்கும். வருவதற்கு உடல் ஏது? ஒரு மாலை முழுவதும் தடுமாறினோம். பிறகு குடும்பத்தைக் கத்தோலிக்கர் ஆக்கினோம். கதை நிமிர்ந்து நின்றது. உடலைப் புதைக்கும் சேமக்காலை வந்தது. கோவில் மணி வந்தது. தாயின் கையில் செபமாலை வந்தது. அதைவிட மேலாக, மூலத்திலேயே இல்லாத ஒரு வாதம் தாய்க்குக் கிடைத்தது. செத்தவன் திரும்ப மாட்டான் என்று கணவர் சொல்லும்போது, நாலு நாள் கல்லறையில் கிடந்த இலாசர் எழுந்து வரவில்லையா என்று அவள் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு முன்னால் அவர் வாயடைத்துப் போகிறார். அவள் பைத்தியக்காரி அல்ல, விசுவாசி என்பது அந்த இடத்தில் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

பாதத்தைக் கொண்டுவருபவர் மூலத்தில் இந்தியாவில் இருந்து திரும்பிய படைவீரர். எங்களுக்கு அந்த ஆளைத் தேடவேண்டியே இருக்கவில்லை. மலாயாவில் புகையிரதப் பகுதியிலோ கந்தோரிலோ உழைத்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய மலாயாப் பென்சன்காரர்களை யாழ்ப்பாணத்தின் எந்தக் கிராமமும் அறியும். வெள்ளை உடுப்பு, ஊன்றுகோல், நீளமான கதைகள். காட்டுக்குள் ஒரு கிழவர் தந்தது என்று அவர் சொன்னால் எவரும் சந்தேகிக்கமாட்டார்கள். காலம் 1935 என்று வைத்தோம். மகனின் வேலை நெல் ஆலையில். இருநூறு பவுண் என்பது ஈடு வைத்த காணியை மீட்கத் தேவையான ஆயிரம் ரூபா ஆயிற்று.

தந்தையும் மகனும் மூலத்தில் சதுரங்கம் ஆடுகிறார்கள். சதுரங்கம் காதுக்குக் கேட்காத விளையாட்டு. நாங்கள் தாயம் ஆடவிட்டோம். சோகிகள் பலகையில் உருளும் ஒலி முதற் காட்சி முழுவதும் வருகிறது, மகனின் சிரிப்போடு சேர்ந்து. கடைசிக் காட்சியில், விளக்கு அணைந்த இருட்டில், தந்தை பாதத்தைத் தேடித் தரையைத் தடவுகிறார். அப்போது அவருடைய கை சோகிகளில் படுகிறது. ஒரே ஒரு கலகலப்பு. ஒத்திகையில் அந்த இடத்தில் நடிகர் அழுதுவிட்டார். ஒரு பொருளை மாற்றும்போது அதன் ஒலி பின்னால் திரும்ப எங்கே வரும் என்று யோசித்து மாற்றுங்கள். வெறுமனே உள்ளூர்ப் பொருள் என்பதற்காக மாற்றாதீர்கள்.

டிக்கன்சின் ‘சிக்னல்காரன்’ கதையை எடுக்க விரும்புவோருக்கு ஒன்று சொல்கிறேன். அது ஆழமாக வெட்டிய பள்ளத்தில், சுரங்கவாயில் நடக்கிறது. எங்கள் குடாநாட்டில் மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. ஆனால் ஆனையிறவு இருக்கிறது. 1905 முதல் கொழும்புப் புகையிரதம் அந்த உப்பு வெளியைக் கடந்துதான் யாழ்ப்பாணம் வந்தது. 1990 இல் நின்று, 2014 இல் மீண்டும் வந்தது. மேலிருந்து கீழே கூப்பிடும் குரலை, ஒரு பக்க வெளியிலிருந்து மறுபக்கத்துக்குக் கூப்பிடும் குரலாக மாற்றுங்கள். மறைவிடம் இல்லாத வெட்டவெளியில் ஆள் இல்லாமல் வரும் குரல் சுரங்கத்தைவிடப் பயங்கரமானது. இதை நான் இன்னும் செய்யவில்லை. யாராவது செய்தால் முதல் ஆளாகக் கேட்பேன்.

மூன்றாம் படி: எதை விடவேண்டும்

எங்கள் பிரதியின் முதல் வாசிப்பில், கதவு தட்டப்படும் இடத்தில், வாசிகசாலைக்கு ஒழுங்காக வரும் ஓர் அம்மா எழுந்து வெளியே போனார். அவருடைய மகன் காணாமல் போனவர். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் வாசற் படலைச் சத்தத்துக்குத் தலை நிமிர்த்தும் தாய்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். இரவில் மகன் வந்து கதவைத் தட்டுவது அவர்களுக்குப் பேய்க்கதை அல்ல.

கதையைக் கைவிடுவதா என்று இரண்டு வாரம் பேசினோம். பிறகு அந்த அம்மாவிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்னது: “செய்யுங்கோ, தம்பி. ஆனால் வாறவனைப் பேயாக்காதேங்கோ.”

அதன்படி பிரதியைத் திருத்தினோம். வெளியே நிற்பதற்கு உறுமல் இல்லை, இழுபடும் கால் இல்லை, மூச்சுக்கூட இல்லை. தட்டல் மட்டும். மூலத்திலும் வந்தது என்ன என்று யாரும் காண்பதில்லை; அந்த ஒழுக்கத்தை முழுமையாகக் கடைப்பிடித்தோம். பயம் தந்தையுடையது, தாயிடம் பயமே இல்லை, அவசரம் மட்டும்தான். நாடகம் தொடங்குமுன் கதை எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியத்தில் அறிவித்தோம், விலக விரும்புவோர் விலகுவதற்காக. இந்த அறிவிப்பு நாடகத்தின் விறுவிறுப்பைக் குறைக்கவில்லை.

நாய் குரைப்பையும் எடுத்துவிடுங்கள். உலகமெங்கும் பேய்க்கதைக்கு நாய் ஊளை அழகு சேர்க்கலாம். எங்கள் ஊரில் நள்ளிரவில் தெருமுனையில் நாய்கள் குரைத்தால் யார் வருகிறார்கள் என்பதை நினைத்து நடுங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. சப்பாத்துக் கால் ஒலியும், நின்று உறுமும் வாகனமும் அப்படித்தான். அவற்றைப் பயன்படுத்தினால் பயம் நிச்சயம் வரும். ஆனால் அது உங்கள் கதை உண்டாக்கிய பயம் அல்ல, அவர்களிடமிருந்து களவெடுத்தது.

நான்காம் படி: பிரதி

அரைமணி நேர நாடகத்துக்கு நான்கைந்து காட்சிகள் போதும். எங்களுடையது நான்கு: தாயம் ஆடும் இரவு, அடுத்த நாள் ஆலையிலிருந்து வரும் ஆள், சேமக்காலைக்குப் பின்னான பத்தாம் நாள், கதவு. குரல்களும் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒத்த குரல் உள்ள இருவரை ஒரே காட்சியில் விடவேண்டாம்.

மேலை நாட்டு வானொலி நாடகங்களில் பாத்திரங்கள் ஓயாமல் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும். கேட்பவர் குழம்பாதிருக்க அது உதவும். எங்கள் நாடகத்து வீட்டில், 1935 இல், மனைவி கணவரின் பெயரைச் சொல்லமாட்டாள். “இஞ்சாருங்கோ”, அதாவது ‘இங்கே பாருங்கள்’, என்றுதான் கூப்பிடுவாள். முதலில் இது இடைஞ்சலாகப் பட்டது, பிறகு எங்கள் பெரிய செல்வமாயிற்று. அந்த ஒரே சொல் நாடகத்தில் ஏழு முறை வருகிறது: சாப்பிடக் கூப்பிட, விருந்தினரைக் காட்ட, செய்தி கேட்டு அலற, வரம் கேட்கச் சொல்லிக் கெஞ்ச. கடைசியாக வருவது, மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, வந்து திறவுங்கள் என்று சொல்வதற்கு. நடிகைக்கு நான் கொடுத்த ஒரே பயிற்சி அந்த ஏழு அழைப்புகளையும் வேறு வேறாகச் சொல்வது.

வசனத்தை யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுங்கள். இலங்கை வானொலியில் ‘சானா’ என்று அறியப்பட்ட சண்முகநாதன் ‘லண்டன் கந்தையா’ நாடகத்தில் இந்தப் பேச்சைச் சிரிப்புக்குப் பயன்படுத்தி நாடெங்கும் பழக்கப்படுத்தினார். இது பயத்துக்கும் பொருந்தும், வாக்கியங்களைக் குறுக்கினால்:

அவள்: கேட்டதா?
அவர்: காற்று.
அவள்: காற்று படலையைத் திறந்து திரும்பப் பூட்டுமா?
அவர்: நீர் பேசாமல் படுத்துக்கொள்ளும்.

காண்பதை வசனத்தில் விளக்காதீர்கள். “ஐயோ, என் கையில் விளக்கு அணைந்துவிட்டதே” என்று உலகத்தில் எவரும் சொல்வதில்லை. நெருப்புக்குச்சி உரசும் ஒலி, ஒரு கணம், ஊதும் காற்று, மீண்டும் உரசல். இருட்டு வந்துவிட்டது.

மூன்றாவது வரம் என்ன என்பதை ஜேக்கப்ஸ் எழுதவேயில்லை. நாங்களும் எழுதவில்லை. ஒலிவாங்கிக்கு மிக அருகில் நடிகரின் உதடு அசையும் ஈர ஒலியும் ஒரு மூச்சும் மட்டும் வரும்.

ஐந்தாம் படி: ஒலிகள்

1934 இல் சிக்காகோவில் தொடங்கிய ‘லைட்ஸ் அவுட்’ என்ற நள்ளிரவு நாடகத் தொடரில் தலை வெட்டுப்படுவதற்குக் கோவாவை, அதாவது முட்டைக்கோசை, வெட்டினார்கள். எலும்பு முறிய விலா எலும்புகளை நொறுக்கினார்கள். அடுக்களைதான் அவர்களின் ஒலிக்கூடம். எங்கள் அடுக்களை அதற்குக் குறைந்தது அல்ல.

எலும்பு முறிவுக்கு, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலுக்கு நிகர் எதுவும் இல்லை. ஈரத் துணியில் சுற்றி, ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தூரத்தில் மெதுவாக வளைத்து முறியுங்கள். துணி இல்லாமல் முறித்தால் தின்பண்டமாகவே கேட்கும். மழைக்குச் சுளகில் அரிசியைச் சாய்த்துச் சாய்த்து உருட்டுங்கள். மெதுவாகச் செய்தால் அதுவே கடல். வாடைக்காற்றுக்கு, கதிரையின் முதுகுச் சட்டத்தின்மேல் முரட்டுத் துணியை இறுக்கிப் பிடித்து இழுங்கள், வேகத்தைக் கூட்டிக் குறைத்து. காவோலைக்கு மட்டும் மாற்று இல்லை. மரத்தில் காய்ந்து தொங்கும் காவோலை காற்றில் பனையின் உடலை உராயும் ஒலியை மாலையில் போய் உண்மையாகவே பதிந்து வாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் எவரும் அதை ஒரு நொடியில் அறிவார். அதற்குமேல் இடத்தை வர்ணிக்கத் தேவையில்லை.

தட்டலுக்குத்தான் மிக அதிக நேரம் செலவிட்டோம். ஒலிவாங்கியை வீட்டுக்கு உள்ளே வையுங்கள். கேட்பவர் உள்ளே இருப்பவர். தட்டுபவர் வெளியே நிற்கட்டும். மெல்லிய பலகைக் கதவு பெட்டி போல ஒலிக்கும்; பழைய நாற்சார் வீட்டின் கனத்த கதவு வேண்டும். முதலில் படலை. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு கேட்டதோ கேட்கவில்லையோ என்ற அளவில் ஒரே ஒரு தட்டு. விரல் மூட்டால் தட்டாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தொட்டோம். அடுத்தது கொஞ்சம் கூடுதல். கடைசித் தட்டல்கள் வீடு முழுக்க அதிரும்போது அதற்குமேல் தாய் கதிரையை இழுத்துவரும் ஒலி வருகிறது, தாழ்ப்பாளை எட்டுவதற்காக.

இசை மிகக் குறைவாக. நாங்கள் பயன்படுத்தியது ஆர்மோனியத்தின் துருத்தி மட்டும், கட்டை எதையும் அழுத்தாமல். ஒரு பெரிய மிருகம் தூங்குவது போல இருக்கும்.

ஆறாம் படி: பதிவு

நல்ல செல்பேசி போதும். சுருக்கப்படாத கோப்பாக, நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தகரக் கூரை வீட்டைத் தவிருங்கள், சுவரில் மெத்தைகளைச் சாத்தி, தரையில் பாய் விரியுங்கள். இரவு பதினொன்றுக்கும் அதிகாலை நான்குக்கும் இடையில்தான் ஊர் அமைதியாக இருக்கும். கோயில் திருவிழாக் காலத்தை விட்டுவிடுங்கள். மழை பெய்த இரவில் தவளைகள் விடாது.

சாதாரணப் பேச்சுக்கு வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே இரண்டு சாண், இரகசியத்துக்கு அரைச் சாண். நேராக ஊதாமல் சற்றுப் பக்கமாகப் பேசட்டும். தூரத்தில் இருப்பவரை உண்மையாகவே தூரத்தில் நிறுத்துங்கள். ஒலியளவைக் குறைத்துச் செய்யும் தூரம் பொய்யாகக் கேட்கும். யாரும் பேசாத வெறும் அறையை ஒரு நிமிடம் பதிந்து வையுங்கள். தொகுக்கும்போது இடைவெளிகளை இதனால் நிரப்பவேண்டும். முழுச் சூனியத்தை வைத்தால் கருவி பழுதானது போல இருக்கும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் போதும்.

முழுச் சூனியத்தை ஒரே ஓர் இடத்துக்காகச் சேமியுங்கள். 1938 ஒக்டோபர் 30 அன்று ஓர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகத்தில், செய்தியாளரின் குரல் நடுவில் அறுந்ததும் சில நொடி ஒன்றுமே இல்லை. அந்த வெறுமைதான் பலரை உலுக்கியது. எங்கள் நாடகத்தில் அது மூன்றாவது வரத்துக்கு அடுத்த கணம். தட்டலின் அதிர்வு அடங்குகிறது. பின்னணிக் காற்றும் வெட்டுப்படுகிறது. நான்கு நொடி எதுவும் இல்லை. பிறகு தாழ்ப்பாள்.

ஏழாம் படி: கேட்பித்தல்

செல்பேசியில் தனியாகக் கேட்கலாம். ஆனால் ஒரு முறையாவது கூட்டாகக் கேட்கவையுங்கள். நாங்கள் வாசிகசாலையில் மார்கழி இரவொன்றில் வைத்தோம். ஒரே ஒலிபெருக்கி, அறையின் மூலையில், துணியால் மூடி. அரிக்கன் லாம்பு ஒன்று. நான்காம் காட்சி தொடங்கும்போது அதையும் தணித்தோம். முன்வரிசையில் சிறுவர்களை இருத்தவில்லை. பெரியவர்களுக்கு நடுவே இருத்தினோம், பிடித்துக்கொள்ளக் கை கிடைக்கட்டும் என்று.

நாடகம் முடிந்ததும் உடனே விளக்கை ஏற்றாதீர்கள். கதவு திறந்த பின் வரும் காற்றும் தூரத்துக் கடலும் முழு நாற்பது நொடி ஓடட்டும். அன்று அந்த அம்மா வந்திருந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். விளக்கை ஏற்றியபோது அவர் எழுந்து வாசிகசாலைக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, திரும்ப வந்து இருந்தார்.